நூறு டன் சரக்கு ஏன் ரயிலில் ஏறுவதில்லை?

பட்டர்வொர்த் துறைமுகத்துக்குள்ளேயே தண்டவாளம் வந்து நிற்கிறது. வடக்கே பாடாங் பெசார், தெற்கே கிள்ளான், ஜொகூர் என்று அது போய்க்கொண்டே இருக்கிறது. அப்புறம் எதற்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரை டிரெய்லரில் வைத்து, முன்னும் பின்னும் மஞ்சள் விளக்கு சுழல, நடுச்சாமத்தில் ஆள் நடக்கிற வேகத்தில் சாலையில் இழுத்துக்கொண்டு போகிறார்கள்? பிறையில் சரக்கு அனுப்பும் தொழிலில் இருக்கிற என்னிடம் சொந்தக்காரர்கள் தொடங்கி டாக்சி ஓட்டுகிறவர் வரைக்கும் கேட்கிற கேள்வி இது. கேட்கும்போதே ரயில்காரனுக்குச் சோம்பல், லோரிக்காரனுக்கு லாபம் என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சோம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எடையைப் பங்கிட முடியும், பத்துச் சக்கரம் தாங்காததை நூறு சக்கரம் தாங்கிவிடும். உயரத்தையும் அகலத்தையும் அப்படிப் பங்கிட வழி கிடையாது. ரயில் பளுவைச் சுமப்பதில் கெட்டிக்காரன், ஆனால் அதைச் சுற்றி நிரந்தரமாக ஒரு கூடு கட்டி வைத்திருக்கிறார்கள், அந்தக் கூட்டை விட்டு ஒரு விரற்கடை கூட வெளியே நீட்ட முடியாது. சாலைக்கும் எல்லை உண்டு என்றாலும் அதை ஓர் இரவுக்கு மட்டும் தளர்த்திக்கொள்ளலாம். பெரிய சரக்கின் கதை முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் ஓடுகிறது.

முதலில் எது சாதாரண அளவு என்று பார்த்துவிடலாம். 40 அடி கண்டெய்னரின் நீளம் 12.19 மீட்டர், அகலம் 2.44, உயரம் 2.59. ஹை கியூப் என்றால் உயரம் மட்டும் 2.90. உலகத்தில் கப்பல், ரயில் பெட்டி, டிரெய்லர், துறைமுகக் கிரேன் எல்லாம் இந்தப் பெட்டியைச் சுற்றித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன, ஆகவே இதற்குள் அடங்குகிற பொருளுக்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பெட்டியின் கதவு வழி ஏறத்தாழ 2.34 மீட்டர் அகலம்தான், உயரத்தில் மீறினால் மேல்மூடி இல்லாத ஓப்பன் டாப், அகலத்தில் மீறினால் பக்கச் சுவரே இல்லாத ஃபிளாட் ரேக். பெட்டிக் கணக்கை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற சரக்கை எங்கள் தொழிலில் ஓஓஜி என்போம், இந்தியாவில் ஓடிசி என்பார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் விலைப்பட்டியலில் அதற்கு விலை இருக்காது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

சாலை எல்லைகளுக்கு வருவோம். மலேசியாவில் இதற்கு அடிப்படை 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், கூட்டரசுச் சாலைகளுக்கான 1989-ஆம் ஆண்டு எடைக் கட்டுப்பாட்டு ஆணையும். வண்டியின் அளவையும் பெர்மிட்டையும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே பார்க்கிறது, சாலையும் பாலமும் தாங்குமா என்பது பொதுப்பணித் துறையின் பாடு. நெடுஞ்சாலையில் ஏறினால் அதை நடத்தும் நிறுவனமும் சரி என்று சொல்ல வேண்டும். சரக்கு எல்லை தாண்டிப் போவதற்காக ஆசியான் நாடுகள் 1999-இல் கையெழுத்திட்ட நெறிமுறையில் உள்ள அளவுகள் நினைவில் வைத்துக்கொள்ள எளிது: அகலம் 2.5 மீட்டர், உயரம் 4.2 மீட்டர், நீளம் தனி லோரிக்கு 12.2 மீட்டர், பிரைம் மூவர் இழுக்கும் டிரெய்லருக்கு 16 மீட்டர். ஐரோப்பாவில் உயரம் பொதுவாக 4 மீட்டர், அகலம் 2.55. அமெரிக்காவில் அகலம் 2.6 மீட்டர், மொத்த எடை 80,000 பவுண்டு, அதாவது 36 டன் சொச்சம். எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே உருவம்தான்.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கண்டெய்னர் டிரெய்லரின் தளம் தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதன்மேல் 2.90 மீட்டர் ஹை கியூப்பை வைத்தால் மொத்தம் 4.1 முதல் 4.4 மீட்டர். தினமும் நம் பக்கத்தில் ஓடுகிற சாதாரணப் பெட்டியே 4.2 என்கிற கோட்டை உரசிக்கொண்டும் தாண்டிக்கொண்டும்தான் போகிறது. அப்படியானால் 3.8 மீட்டர் உயரமுள்ள ஓர் இயந்திரம் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எடை விஷயத்தில் பொதுமக்கள் மட்டுமல்ல, தொழிலில் இருக்கிற சிலரும் மொத்த எடையையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். சாலைக்கு மொத்த எடை தெரியாது, அதற்குத் தெரிவதெல்லாம் ஒவ்வோர் அச்சும் எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகரத்துக்குப் பக்கத்தில் இதற்கென்றே சாலை போட்டு, அதில் ராணுவ ஓட்டுநர்களை வைத்து லோரிகளை இரவும் பகலும் ஓட்டிப் பார்த்தார்கள். அதில் கிடைத்த கணக்குதான் இன்றைக்கும் சாலைப் பொறியாளர்களின் பைபிள்: அச்சுப் பளு கூடினால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் படியில் கூடும். அச்சில் 20 சதவீதம் அதிகம் ஏற்றினால் சேதம் இரண்டு மடங்கு. ஒன்றரை மடங்கு ஏற்றினால் சேதம் ஐந்து மடங்கு. இரண்டு மடங்கு ஏற்றினால் பதினாறு மடங்கு. குவாரிக்குப் போகும் சாலை ஏன் எப்போதும் அப்படிக் கிடக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆகவே அளவுக்கு மீறி ஏற்றுவது வேறு, அளவுக்கு மீறிய பொருளை ஏற்றுவது வேறு. கல், மணல், இரும்பு எல்லாம் பிரிக்கக்கூடிய சரக்கு. அதை இரண்டு லோரியில் அனுப்பாமல் ஒரே லோரியில் திணிப்பது காசை மிச்சம் பிடிக்கத்தான், அதற்குப் பெர்மிட் கிடையாது. 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி எஃப்ஆர்யூ காவல்படையினர் ஒன்பது பேர் உயிரிழந்ததற்குப் பிறகு நடந்த விசாரணையிலும் அந்த லோரியின் அதிகச் சுமை பேசப்பட்டது. பிரிக்க முடியாத ஒற்றைப் பொருள் என்றால் நிலைமை வேறு. டிரான்ஸ்ஃபார்மரை இரண்டாக அறுத்து அனுப்ப முடியாது, அதற்குத்தான் தனி அனுமதி, தனி வண்டி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள், போலீஸ் துணையோடு மெல்ல ஊர்ந்து போகும் பெரிய டிரெய்லரைப் பார்த்துச் சாலையைக் கெடுக்கிறான் பாவி என்று திட்டுகிறார்கள். சாலையைக் கெடுப்பது பெரும்பாலும் அவர்களைத் தாண்டி வேகமாகப் போன சாதாரண லோரிதான்.

எப்படி என்று கேட்டால் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். 120 டன் எடையுள்ள டிரான்ஸ்ஃபார்மர் என்று வைத்துக்கொள்வோம். தீபகற்ப மலேசியாவின் மின்கட்டமைப்பில் 132, 275, 500 கிலோவோல்ட் என்று மூன்று நிலைகள் இருக்கின்றன, பெரிய துணைமின் நிலையங்களுக்குப் போகிறவை நூறு டன்னை எளிதில் தாண்டும், அதுவும் எண்ணெயை முழுக்க வடித்து, மேலே நிற்கும் பீங்கான் புஷ்ஷிங்குகளையும் பக்கத்து ரேடியேட்டர்களையும் கழற்றிய பிறகு. இதை ஏற்ற ஹைட்ராலிக் மாடுலர் டிரெய்லர் வரும். அதில் ஒவ்வொரு அச்சு வரிசையிலும் எட்டு டயர், வரிசைக்கு வரிசை ஒன்றரை மீட்டர் இடைவெளி. பன்னிரண்டு வரிசை போட்டால் 96 டயர். டிரெய்லரின் சொந்த எடை வரிசைக்கு நான்கு டன் என்று எடுத்தால் மொத்தம் 168 டன், ஒரு டயருக்கு 1.75 டன். நான்கு டயர் உள்ள சாதாரண லோரி அச்சில் பத்து டன் இருந்தாலே ஒரு டயருக்கு 2.5 டன் வந்துவிடும். 168 டன் வண்டியின் டயர், பக்கத்தில் ஓடும் லோரியின் டயரைவிடக் குறைவாகத்தான் தார்ச்சாலையை அழுத்துகிறது. டயர்களைச் சில குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஓர் எண்ணெய்க் குழாய்ச் சுற்றில் இணைத்திருப்பதால் சாலையில் பள்ளம் வந்தாலும் ஒரு சக்கரம் மட்டும் தனியாகப் பளுவைத் தாங்கித் தவிக்காது. ஒன்று கீழே இறங்கினால் மற்றது மேலே ஏறிச் சமன் செய்துகொள்ளும்.

பாலம் வந்தால் கதை மாறிவிடும். அந்த 168 டன் வெறும் 18 மீட்டர் நீளத்துக்குள் நிற்கிறது, மீட்டருக்கு ஒன்பது டன்னுக்கு மேல். 16 மீட்டர் நீளமுள்ள 40 டன் லோரிக்கு மீட்டருக்கு 2.5 டன்தான். பாலத்தின் உத்தரம் டயரை எண்ணுவதில்லை, தன் முதுகில் ஒரே இடத்தில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்றுதான் பார்க்கும். அமெரிக்காவில் 1970-களிலேயே இதற்கென்று பாலச் சூத்திரம் ஒன்றைச் சட்டத்தில் சேர்த்தார்கள்: அச்சுகள் எத்தனை, முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தே அனுமதிக்கும் எடை. அச்சுகளை நெருக்கி வைத்தால் எடை குறையும், பரத்தி வைத்தால் கூடும்.

அதனால்தான் பெரிய வண்டி பாலத்தில் ஏறும்போது நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, கூட வேறு எந்த வண்டியும் ஏறாமல், பிரேக் அடிக்காமல், கியர் மாற்றாமல் ஒரே சீராக ஊர்ந்து போகும். பினாங்குப் பாலம் மாதிரி பெரிய பாலங்களைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள். எனக்குத் தெரிந்து பொறியாளர்களுக்குத் தலைவலி கொடுப்பது கிராமத்துக்குள் நுழையும் இடத்தில் இருக்கிற சின்ன வாய்க்கால் பாலமும், எப்போது கட்டியது, உள்ளே எவ்வளவு கம்பி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத, சாலைக்கு அடியில் தண்ணீர் போகிற மதகும்தான். வரைபடம் கிடைக்காவிட்டால் பாலத்தின் மேலேயே இரும்புத் தகடு பாலம் ஒன்றைப் போட்டுத் தாண்டுவதும் உண்டு.

எடைக்கு இத்தனை வழி இருக்கிறது. உயரத்துக்கு என்ன வழி? தளத்தைத் தாழ்த்தலாம், அவ்வளவுதான். லோ லோடரில் ஏற்றலாம், ஹைட்ராலிக் டிரெய்லரின் தளத்தைப் பாலத்துக்கு அடியில் வரும்போது முப்பது சென்டிமீட்டர் வரைக்கும் இறக்கலாம், இன்னும் முடியாவிட்டால் இரண்டு டிரெய்லருக்கு நடுவில் உத்தரம் கட்டிப் பொருளைத் தொங்கவிட்டு அதன் அடிப்பகுதி தார்ச்சாலையை ஒட்டிப் போகிற மாதிரி செய்யலாம். அப்போது வேகத்தடை, மேட்டுச் சந்தி, பழைய தண்டவாளக் கடவு எதுவும் வழியில் இருக்கக் கூடாது, வயிறு தட்டிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் வழியளவு எடுக்கப் போவார்கள். ஃபோர் வீலில் வளையக்கூடிய உயரக் கம்பு ஒன்றைக் கட்டி, சரக்கின் உயரத்தோடு இருபது சென்டிமீட்டர் போலச் சேர்த்து வைத்து, முழு வழியையும் ஓட்டிப் பார்ப்பது. கம்பு எதில் உரசுகிறதோ அதைக் குறித்துக்கொள்வார்கள்: மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, அங்சானா மரக்கிளை, சாலைக்குக் குறுக்கே நிற்கும் பெயர்ப்பலகை, போக்குவரத்து விளக்கின் கை. பாலத்தின் முகத்தில் எழுதியிருக்கும் உயரத்தை நம்பி யாரும் போக மாட்டார்கள். எழுதிய பிறகு எத்தனை முறை புதுத்தார் போட்டிருக்கிறார்கள் என்பது அந்தப் பலகைக்குத் தெரியாது. அதனால் லேசர் வைத்து, வலது ஓரம், நடு, இடது ஓரம் என்று மூன்று இடத்திலாவது அளப்பார்கள், ஏனென்றால் சாலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பாலத்துக்கு அடியில் ஏழு சென்டிமீட்டர் சந்தில் ஒரு தொட்டியைக் கடத்தியதை நான் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் மேலே ஏறிப் படுத்துக்கொண்டு டார்ச் விளக்கை உத்தரத்தில் அடித்தபடியே வந்தார்கள், கீழே ஹைட்ராலிக் பெட்டி பக்கத்தில் ஒருவர் நெம்புகோலில் கைவைத்து நடந்தார், ஓட்டுநர் அண்ணன் முகத்தைத் திருப்பாமல் வாக்கி டாக்கியை மட்டும் கேட்டுக்கொண்டே வந்தார். பாலத்தைத் தாண்ட அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

நமக்கு இது புதிதல்ல. தைப்பூசத்தில் பினாங்கு வீதியிலிருந்து தண்ணீர்மலைக்கு வெள்ளி ரதமும், 2017 முதல் குயின் வீதியிலிருந்து தங்க ரதமும் போகிற வழியில், கோலாலம்பூரில் ஜாலான் துன் எச்.எஸ்.லீயிலிருந்து பத்துமலைக்குப் போகிற வழியில், கிளை வெட்டுவதும் கம்பால் கம்பியைத் தூக்கிப் பிடிப்பதும் சாலையை மூடுவதும் எல்லாம் இதே வேலைதான். ஒரு நாளைக்காகச் சாலையின் உயரத்தைக் கூட்டுகிறார்கள்.

ரயிலில் அப்படிக் கூட்ட முடியாது. இங்கேதான் நம் ஆட்கள் ஒரு தப்பான காரணத்தைச் சொல்வார்கள்: நம் நாட்டு ரயில்வேயான கேடிஎம்மின் தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்தான், குறுகலானது, அதனால் பளு தாங்காது என்று. இல்லவே இல்லை. தென்னாப்பிரிக்காவில் சிஷன் சுரங்கத்திலிருந்து சல்டானா துறைமுகத்துக்கு இரும்புத்தாது ஏற்றும் பாதையில் தண்டவாள இடைவெளி 1,067 மில்லிமீட்டர், நம்முடையதைவிட ஏழு சென்டிமீட்டர்தான் அதிகம். அதில் அச்சுக்கு 30 டன் ஓடுகிறது, 342 வேகன் கொண்ட ரயில். பளுவைத் தீர்மானிப்பது தண்டவாளத்தின் கனம், கட்டை, ஜல்லி, பாலம். இடைவெளிக்கு அதில் பெரிய பங்கு இல்லை. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரைக்கும் போட்ட இரட்டைப் பாதை அச்சுக்கு 20 டன் தாங்கும். நான்கு அச்சு வேகன் என்றால் மொத்தம் 80 டன், வேகனின் சொந்த எடை போக அறுபது டன் சரக்கு, அதாவது கனமான 20 அடிப் பெட்டி இரண்டு. மேலே சொன்ன 120 டன் டிரான்ஸ்ஃபார்மரைக்கூட பன்னிரண்டு அச்சுள்ள சிறப்பு வேகனில் ஏற்றினால் எடைக் கணக்கு ஒத்துவரும்.

ஒத்துவராதது கூடு. தண்டவாளத்தின் மேல் நகர்கிற எதுவும் இந்த உருவத்துக்குள் அடங்க வேண்டும் என்று ஒவ்வொரு ரயில்வேயும் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை வரைந்து வைத்திருக்கிறது. சுரங்கப்பாதை, பிளாட்பாரம், சிக்னல் கம்பம், மேம்பாலம் எல்லாம் அந்தப் படத்துக்கு வெளியே நிற்கும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தண்டவாள இடைவெளி ஒன்றுதான், 1,435 மில்லிமீட்டர். ஆனால் அமெரிக்காவில் ஒரு கண்டெய்னர் மேல் இன்னொன்றை அடுக்கி 6.15 மீட்டர் உயரத்துக்கு ஓட்டுகிறார்கள், பிரிட்டனில் ஒரே ஒரு ஹை கியூப் பெட்டியைச் சாதாரண வேகனில் ஏற்றவே பல பாதைகளில் சுரங்கத்தையும் பாலத்தையும் திருத்த வேண்டியிருந்தது. முதலில் ரயில் விட்டவர்கள் சின்னதாகத் தோண்டிவிட்டார்கள், அதற்குப் பேரப்பிள்ளைகள் இன்னும் காசு கொடுக்கிறார்கள்.

நம் நாட்டிலும் முதல் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஈயம் ஏற்றப் போட்டதுதான். நம் பாட்டன்மார் வெயிலில் போட்ட அந்தக் காலத்துக் கம்பிச்சடக்கு யாருடைய டிரான்ஸ்ஃபார்மரையும் மனதில் வைத்துப் போட்டதல்ல. இப்போது பழைய வளைவுகளையும் சின்னச் சுரங்கங்களையும் விட்டுவிட்டு, புக்கிட் பெராப்பிட்டில் 3.3 கிலோமீட்டருக்கு இரட்டைச் சுரங்கம் குடைந்து நேராக்கிவிட்டார்கள், நல்லது. ஆனால் மேலே 25 கிலோவோல்ட் மின்கம்பி வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த மின்சாரத்துக்குப் பொருள் தொட வேண்டும் என்றுகூட இல்லை, போதிய இடைவெளி விடாமல் நெருங்கினாலே தாவும். சாலையில் தொலைபேசிக் கம்பியைக் கம்பால் தூக்கிவிடலாம், இதைத் தூக்குவதற்கு முழுப் பிரிவையும் மின்சாரம் நிறுத்தி இடிஎஸ், கொமுட்டர் என்று பயணிகள் ரயில் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். யார் சம்மதிப்பார்கள்?

அகலத்தில் இன்னொரு சூட்சுமம். நீளமான வேகன் வளைவில் திரும்பும்போது சக்கரங்கள்தான் வளைவில் நிற்கும், நடு உடம்பு நேர்கோடாக உள்பக்கம் தள்ளும். எவ்வளவு தள்ளும் என்பதற்குக் கணக்கு எளிது: வேகனின் இரு முனைகளிலும் உள்ள சக்கரத் தொகுதிகளான இரண்டு போகிகளின் மையத்துக்கு இடையே உள்ள தூரத்தின் வர்க்கத்தை, வளைவு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் போதும். 200 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மையத் தூரம் 14 மீட்டர் என்றால் தள்ளல் 12 சென்டிமீட்டர். 24 மீட்டர் என்றால் 36 சென்டிமீட்டர். பளுவைப் பங்கிட அச்சுகளைக் கூட்டினால் வேகன் நீளும், வேகன் நீண்டால் வளைவில் தள்ளும், தள்ளினால் அனுமதிக்கும் அகலம் குறையும். எடையில் கிடைத்ததை அகலத்தில் பிடுங்கிக்கொள்கிறது. இதைச் சமாளிக்க ஷ்னாபெல் என்று ஒரு வேகன் இருக்கிறது. இரண்டு பாதிகளாகப் பிரிந்து, பொருளையே நடுவில் உத்தரம் மாதிரி கவ்விக்கொண்டு போகும், வளைவில் ஹைட்ராலிக் வைத்துப் பொருளைப் பக்கவாட்டில் நகர்த்தும். அமெரிக்காவில் ஓடிய மிகப் பெரிய ஒன்றுக்கு 36 அச்சு, 70 மீட்டர் நீளம், காலியாகவே 336 டன். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குக் கனமான பாதையும் தாராளமான கூடும் பெரிய கண்டமும் வேண்டும்.

அடுத்தது இரண்டு முனைகளும். துறைமுகத்தில் ரயில் இருக்கிறது, சரி. துணைமின் நிலைய வாசலில் ரயில் இருக்கிறதா? எங்கோ ஒரு ஸ்டேஷனில் கிரேன் கொண்டுவந்து இறக்கி மறுபடியும் அதே ஹைட்ராலிக் டிரெய்லரில்தான் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் ஆபத்து, காப்புறுதிக்காரருக்கு வியர்வை. டிரான்ஸ்ஃபார்மரின் பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்றைத் திருகி வைத்திருப்பார்கள், வழியில் எந்த நேரம் எந்தத் திசையில் எவ்வளவு குலுக்கல் வாங்கியது என்று அது பதிவு செய்யும். ரயில் யார்டில் வேகன்களை இணைக்கும்போது வருகிற ஒரு இடியே சில நேரம் சாலையில் நூறு கிலோமீட்டர் வாங்காத குலுக்கலைக் கொடுத்துவிடும். உள்ளே சுருள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் வாங்கியவர் பொருளை ஏற்றுக்கொள்ள மாட்டார்.

கோலாலம்பூரில் இதைவிட நல்ல உதாரணம் உண்டு. நகர ரயிலான எம்ஆர்டியின் பெட்டிகள் சிலாங்கூரின் ராசாவில் பூட்டப்பட்டன. ராசாவில் கேடிஎம் ஸ்டேஷனே இருக்கிறது. ஆனால் கேடிஎம் பாதை ஒரு மீட்டர், எம்ஆர்டி 1,435 மில்லிமீட்டர், ஆகவே ரயில் பெட்டியே ரயிலில் போக முடியாமல் இருபது மீட்டருக்கு மேல் நீண்ட டிரெய்லரில் ஏறி இரவில் சுங்கை பூலோ டிப்போவுக்குச் சாலையில் போனது. அதே நகரத்தில் வெள்ளநீருக்கும் வண்டிகளுக்குமான ஸ்மார்ட் சுரங்கத்தைத் தோண்டிய 13.2 மீட்டர் விட்ட இயந்திரத்துக்கு எந்த வண்டியும் பொருந்தாது, அதைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து குழிக்குள் பூட்டினார்கள். பிரிக்க முடிந்தால் பிரி என்பதுதான் எப்போதும் முதல் யோசனை.

தீவுக்குப் பிரச்சினை இன்னும் நேரடியானது. பினாங்குத் தீவில் சரக்கு ரயிலே இல்லை. 1985-இல் திறந்த முதல் பாலம், 2014-இல் பத்து கவானிலிருந்து திறந்த இரண்டாவது பாலம், அல்லது பார்ஜ் என்கிற தட்டைப் படகு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வருகிற இயந்திரங்கள் பெரும்பாலும் கனமானவை அல்ல, மூன்று மீட்டர் உயரப் பெட்டியில் வரும், குலுங்கக் கூடாது. அவற்றுக்குக் குலுக்கலைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள லோரி போதும். உண்மையிலேயே கனமானது வந்தால் பார்ஜில் தீவுக்குக் கொண்டுபோய், கடல் ஏற்றம் பார்த்து, தளம் கரையோடு சமமாக நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் டிரெய்லரோடு உருட்டி இறக்குவதுதான் பல நேரம் மலிவு.

அனுமதி வாங்கினாலும் இஷ்டத்துக்குக் கிளம்ப முடியாது. இரவு நேரம், துணைக்குப் போலீஸ் அல்லது துணைக் காவல், முவாத்தான் லெபார், அதாவது அகலச் சரக்கு என்று எழுதிய பலகை, டோல் சாவடியில் ஓரத்து அகல வழி. ஹரிராயா, சீனப் புத்தாண்டு சமயத்தில் கனரக வண்டிகளுக்கு ஜேபிஜே சில நாட்கள் தடை போடும், அந்த நேரத்தில் கப்பல் வந்து சேர்ந்தால் பொருள் துறைமுகத்திலேயே கிடந்து வாடகை ஏறும்.

இவ்வளவும் கடைசியில் வந்து நிற்பது ஒரு தாளில் எழுதிய மூன்று எண்களில்தான். சரக்கை வாங்குகிறவர் இயந்திரத்தின் விவரப் புத்தகத்தைப் பார்த்து உயரம் 3.40 என்று எழுதி அனுப்புவார். அது இயந்திரத்தின் உயரம். அடியில் வைத்த மரச்சட்டம் பதினைந்து சென்டிமீட்டர், மேலே தூக்குவதற்கு வைத்த கொக்கி பத்து சென்டிமீட்டர், சுற்றிய பெட்டி இன்னும் கொஞ்சம் என்று துறைமுகத்தில் அளக்கும்போது 3.70 வந்து நிற்கும். பெர்மிட்டில் 3.40 என்று இருப்பதால் வண்டி கேட்டைத் தாண்டாது, வழியளவையே மறுபடி எடுக்க வேண்டும். ஒரு தொழிற்சாலைக்கு இப்படி நடந்து, கிரேனும் டிரெய்லரும் ஆட்களும் வேலை இல்லாமல் நிற்க, அதற்கான செலவுச் சீட்டு போக்குவரத்துக் கட்டணத்தையே எட்டிப்பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் விலை கேட்டு எழுதுகிறவர்கள், கட்டி முடித்த பெட்டியின் வெளியளவு, மொத்த எடை, எடையின் மையம் எங்கே விழுகிறது, எங்கே கயிறு போடலாம் என்று காட்டும் படம், இறக்கும் இடத்தின் வாசல் அகலம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். படம் இல்லாமல் யாராவது உடனே ஒரு விலை சொன்னால், அவர் வழியை இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.